மூன்று விரல் மண்ணீரல்

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையாலும், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிற ஒரு மாத்திரையாலும் நான் சுகமாக இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் நுரையீரல் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. எம்.டி. படிக்கிற டாக்டர்களுக்குத் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து மதுரைக்கு வந்த உன்னை, இரண்டாம் நாள் காலையில் தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காரணம் என்னைக் கவனிக்கிற டாக்டரம்மாதான், நோயாளியின் சொந்த விஷயத்தை வெளியே சொன்னவர் அவர்தான், அவர் மேல் புகார் எழுதி முடித்துவிட்டேன், இந்த வாரம் அனுப்பிவிடுவேன், அவர் வேலை போகிறவரை ஓயமாட்டேன் என்றாய். நான் "ம்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. உன்னோடு போனில் பேசுகிறவர்களுக்குக் கிடைக்கிற இடைவெளியில் அந்த ஓர் எழுத்துதான் நுழையும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சொன்னது அந்த டாக்டரம்மா இல்லை. யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசையாகத்தான் சொல்லுவேன். இத்தனை வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவளுக்கு விடையை முதலில் எழுதிப் போடுகிற பழக்கம் இல்லை. இதன் நகல் ஒன்றை நம் சபையின் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. டாக்டர் மகன் உள்ள அம்மாமார் நம் சபையில் நிறையப் பேர். படிக்கிற ஒவ்வொருத்தியும் இது பக்கத்து வீட்டுக்காரியின் மகன் என்று நினைத்துக்கொள்வாள். பயப்படாதே.

என் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். உன் கதையும் அங்கேதானே தொடங்கியது. நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலத்தில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காமல் போயிற்று. மூன்றாவதைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவளைப் போல மூச்சு முட்டியது. கை மெலிந்தது, கன்னம் ஒட்டியது, பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை. இடது விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணி மூட்டையை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு பாரம். ஃபேனுக்கு அடியில் படுத்தும் உடம்பு வேர்த்து நனைந்தது. உனக்குப் போன் செய்தேன். "கேஸும்மா. வயசாச்சுல்ல? வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடு, பேரை வாட்ஸப்ல அனுப்புறேன்" என்றாய். நாடா எட்டவில்லை என்றேன். "ரிட்டயர் ஆனா தொப்பை விழத்தாம்மா செய்யும். வாக்கிங் போ" என்றாய். போனேன். ஆனையூரில் நான் நடக்காத தெரு பாக்கியில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றேன். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை வந்தது. உன் வைத்தியத்தில் ஓர் ஒழுங்கு இருந்ததை நான் மறுக்கமாட்டேன். நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மாத்திரை இருந்தது.

உன்னை மட்டும் குறை சொன்னால் பாவம். நான் வேறு டாக்டர்களிடமும் போனேன். நம் தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க டீச்சர், வாங்க! உங்க மகன் ப்ரொபசர் எப்டி இருக்காங்க? அவுக இருக்கையில நான் உங்களப் பாத்தா ஊரு சிரிக்கும்" என்றார். டீ வரவழைத்தார். ஃபீஸை நீட்டியபோது காதைப் பொத்திக்கொண்டார். என்னோடு ஒரு செல்ஃபி எடுத்து உனக்கு அனுப்பி, நீ பதிலுக்குப் போட்ட கட்டைவிரலை என்னிடம் காட்டினார். கட்டிலில் படுங்கள் என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. ஆரப்பாளையத்தில் இன்னொருவர். "சார் என்ன மாத்திரை குடுத்திருக்காரு? அதுவா? ரொம்பக் கரெக்ட். அதையே போடுங்க டீச்சர்" என்று எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். எனக்கு முன்னால் உள்ளே போன ஒரு வாழைக்காய் வியாபாரியின் அம்மாவை அவர் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கி, "ஏன் ஆத்தா இம்புட்டு நாளா வரல?" என்று திட்டியது வெளியே கேட்டது. அந்தத் திட்டு எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டரைப் பெற்றவளுக்குத் தேநீர் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், டாக்டர் கிடைக்கமாட்டார்.

நீ மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது முதல் ஸ்டெதாஸ்கோப்போடு லீவுக்கு வந்தாயே, அந்த நாளைப் பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறேன். வீட்டில் இருந்தவர்கள், வந்தவர்கள், பால்காரர் உட்பட ஒருவரையும் நீ விடவில்லை. அப்பாவைக் கட்டிலில் கிடத்திக் கல்லீரலைத் தேடினாய். அவருக்குக் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தார். "டேய், தேடுறது சரி, எடுத்துறாத. ஒண்ணுதான் வச்சிருக்கேன்" என்றார். கடைசியில் நான் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து படுக்கப் போனேன். நீ என் இமையை மட்டும் கீழே இழுத்துப் பார்த்தாய். "உனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்க" என்று ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி வைத்துவிட்டாய். பெற்றவள் உடம்பில் கை வைக்கக் கூச்சப்படுகிற பிள்ளை என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். இருபது வருஷமாக என் இமைக்குக் கீழே நீ இறங்கவில்லை.

என் நோயைக் கண்டுபிடித்த இடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சபையின் பெண்கள் ஐக்கியம் இலவச மருத்துவ முகாம் நடத்தியது. நான் டோக்கன் கொடுக்கத்தான் போனேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியிருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து (பெயர் வேண்டாம், அவர்களுக்கு இருக்கிற தலைவலி போதும்) அந்த டாக்டரம்மா வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க ஏம்மா இப்படி வெளுத்துப்போயிருக்கீங்க? இங்க வாங்க, படுங்க" என்றார். என் மகன் டாக்டர் என்கிற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுப் படுக்கவைத்தார்.

இமையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும் விரல் நுனியால் கட்டி இருக்கிறதா என்று தேடினார், இல்லை. நெஞ்செலும்பின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். கத்திவிட்டேன். அங்கே வலிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. பிறகு அடிவயிற்றில் வலது ஓரத்தில் கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர்ந்தார். தொப்புளுக்குப் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. "எம்புட்டு நாளா இருக்கு இது?" என்றார். எது என்றேன். என் கையைப் பிடித்து என் வயிற்றிலேயே வைத்தார். உள்ளே ஒரு விளிம்பு இருந்தது. கெட்டியாக, நடுவில் சின்ன வெட்டுப்போல ஒரு பள்ளத்தோடு, நான் மூச்சு விட்டால் அதுவும் சேர்ந்து அசைந்தது. "மண்ணீரல். அது இருக்கவேண்டிய இடத்துல இருந்தா கையில படவே படாது. உங்களுக்குத் தொப்புள் வரைக்கும் வந்திருச்சு" என்றார். மண்ணீரல் நான் வருஷாவருஷம் நடத்திய பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகளுக்கு அதை விட்டுவிடலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் இருந்தன. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் என்றார்கள். நாள்பட்ட என்றால் மெதுவாகக் கொல்வது என்று நான் பொருள் எடுத்துக்கொண்டேன். மெதுவாக வருவதால் மாத்திரையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா பொருள் சொன்னார். உனக்குப் போன் செய்தபோது நீ முதலில் கேட்டது நினைவிருக்கிறதா? "யாரு கண்டுபிடிச்சா?" இரண்டாவதாகக் கேட்டது, "ஜெனரல் வார்டா?" மூன்றாவதாக அழுதாய், அதையும் நான் மறக்கவில்லை. "கோயம்புத்தூர் வந்துரும்மா. என் அம்மா இலவச வார்டுல கெடக்கான்னு தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?" என்றாய். "வந்தா நீ பாப்பியா?" என்று கேட்டேன். "இங்க பெரிய ஸ்பெஷலிஸ்ட் இருக்காரும்மா, அவர் பாப்பாரு" என்றாய். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். "சரி, எம்பேரை மட்டும் அங்க சொல்லிராத" என்றாய். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதை ஆரப்பாளையத்திலேயே பார்த்துவிட்டேனே. உன்னை மறைத்தால்தான் என்னைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாய். படத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அதன் அசல் உட்கார்ந்திருந்தது.

மாத்திரை வேலை செய்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரம்மா படுக்கவைத்து அளந்தார். மண்ணீரல் மேலே மேலே ஏறிப்போனது. நாடா எட்டியது. அங்கேதான் எனக்குப் பரீட்சைக் கேஸ் என்கிற பதவியைப் பற்றித் தெரிந்தது. என் பக்கத்துக் கட்டிலில் சோழவந்தான் பக்கத்து அம்மா ஒருவர். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை நார்நாராகிப் போகும் நோய். அதுவும் ரத்தப் புற்றுநோய்க்குச் சொந்தக்காரன்தான், அதுவும் மெதுவாக நடப்பதுதான். அவருடைய மண்ணீரல் தொப்புளையும் தாண்டி நின்றது. "வருசா வருசம் பரீட்சைக்கு என்னயக் கூப்புட்டு விடுறாக டீச்சர். எவ்வயித்தத் தடவி எம்புட்டுப் பேரு டாக்டராயிருக்காக தெரியுமா?" என்றார், பள்ளிக்கூடம் கட்ட நிலம் கொடுத்தவரைப் போல. இந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரம்மா தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "ஒரு நாள் வந்து படுக்க முடியுமாம்மா? நோய் பேரை மட்டும் சொல்லக் கூடாது. மத்ததுக்கெல்லாம் உள்ளதச் சொல்லுங்க." டீச்சருக்குப் பரீட்சை என்றால் காய்ச்சலிலும் கால் நடக்கும். ஒத்துக்கொண்டேன். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் நீ என்பது எனக்குத் தெரியாது. மதுரைக்கு வருவதையே நீ என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு வாய்த்த மாணவி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாராம், கேட்காமல் விடுவேனா? பயத்தில் உதடு காய்ந்திருந்தது. "கை சில்லுன்னு இருக்கும்மா, ஒரு நிமிசம்" என்று இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் என்னைத் தொட்டாள். முகாமில் நடந்ததெல்லாம் அதே வரிசையில் நடந்தது. நெஞ்செலும்பில் அழுத்தும்போது என் வயிற்றையோ தன் விரலையோ பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். இப்போது வலிக்கவில்லை என்பதை முகத்திலேயே படித்தாள். வயிற்றில் எதுவும் உடனே தட்டுப்படவில்லை. என்னை வலது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, "நல்லா மூச்ச இழுங்கம்மா, விடுங்க, இன்னொருக்கா" என்று இடது விலாவுக்கு அடியில் காத்திருந்தாள். தட்டுப்பட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். விரலை வைத்து அளந்து, "மூணு விரல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரே மகன் என்றேன். என்ன செய்கிறார் என்றாள். வெளியூரில் வேலை என்றேன். உள்ளதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு நான்கு தேர்வாளர்கள் வந்தீர்கள். நீ என் கால்மாட்டில் வந்து நின்றாய். கையில் ஒரு தாள். தாளிலிருந்து நிமிர்ந்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடியும் தாளைப் பார்த்தாய். "பேர் என்னம்மா?" என்றாய்.

என் பேரைக் கேட்டாய். சொன்னேன். வயதைக் கேட்டாய். அதையும் சொன்னேன். முன்பின் தெரியாத நோயாளிகளிடம் இவ்வளவு பணிவாகப் பேசுகிற பிள்ளையை வளர்த்திருக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண் இங்கிலீஷில் ஒப்பிக்கத் தொடங்கினாள். நோயாளிக்கு ஒரே மகன், வெளியூரில் வேலை, எப்போதாவது வந்துபோகிறார் என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நீ தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்ப்லீன் எவ்வளவு?"

"மூணு விரல் சார், விலா விளிம்புக்குக் கீழ."

உன் தாளில் மண்ணீரல் தொப்புள் வரை என்று இருந்தது. அது என் முதல் நாளில் எழுதிய தாள். மாத்திரை மண்ணீரலைக் குறைக்கும், தாளைக் குறைக்காது. "தொப்புள் வரைக்கும் இருக்கிறத மூணு விரல்ங்கிற. நீ எம்.டி. எழுத வந்தியா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தியா? போ, மறுபடி பாரு" என்றாய். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மறுபடியும் கையைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். தொப்புள் என்று சொல்லிவிட்டால் பாஸ் என்பது அவளுக்குத் தெரியாதா? "மூணு விரல்தான் சார்" என்றாள். உள்ளூர்த் தேர்வாளர் ஒருவர் மெல்ல, "சார், நீங்க ஒருதரம் கைய வச்சுப் பாத்துருங்களேன்" என்று சொல்லிக்கொண்டே தன் கையை நீட்டினார். "நான் பாத்தாச்சு" என்றாய். அவர் கையை மடக்கிக்கொண்டார். வெளியூர் விருந்தாளி பார்த்தாயிற்று என்று சொன்ன பிறகு உள்ளூர்க்காரர் பார்த்தால் மரியாதையாக இருக்குமா? தெருமுனை டாக்டர் என் வயிற்றைத் தொடாததும் இதே மரியாதையால்தான். "சார், பாக்கலையே. கைய வச்சுப் பாருங்க" என்றேன் நான். "பேஷண்ட் பேசக் கூடாதும்மா" என்றாய். நால்வரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பெண் என் சேலையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் ஆப்பிளும் சத்து மாவு டப்பாவுமாக வீட்டுக்கு வந்தாய். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். போனில் பேசும்போது நீ அதை வேறு மாதிரிச் சொன்னாய்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? போயும் போயும் அங்க போயா படுப்ப?"

"நீ வாரேன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

"பரீட்சைக்கு வர்றத வெளிய சொல்லக் கூடாதும்மா. அது ரகசியம்."

"சரி. அந்தப் பிள்ளை சொன்னது சரிடா. மூணு விரல்தான். நீயே பாரு."

நான் சோபாவில் படுத்தேன். நீ வாசலைப் பார்த்தாய், போனைப் பார்த்தாய், சுவரில் அப்பா படத்தைப் பார்த்தாய். "எந்திரிம்மா, என்ன இது" என்றாய்.

"நீ டாக்டர்தானடா?"

"உனக்கு நான் டாக்டர் இல்லம்மா. மகன்."

"காலையில அதுவும் இல்லையே."

மார்க் போட்டாயிற்றா என்று கேட்டேன். நாளைக்குத்தான் முடித்து அனுப்புவோம் என்றாய். மாற்றிவிடு என்றேன். "எப்படி மாத்துறது? பாத்தாச்சுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன். இப்ப மாத்துனா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்ல?" என்றாய். "எங்க அம்மான்னு சொல்லு" என்றேன். நீ கார் சாவியை எடுத்துக்கொண்டாய். "ஆறு மாசத்துல மறுபடி எழுதுவாம்மா அவ. உலகம் முடிஞ்சுறாது" என்றாய். ஆப்பிளைக் கழுவிச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாய்.

இனி விடை. மறுநாள் காலையில் ஆனையூரிலிருந்து ஆரப்பாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ். டாக்டரம்மா வார்டில் இருந்தார். முதலில் தாளைப் பற்றிச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "குறைஞ்சிருச்சுன்னு போன மாசமே எழுதினேனே! பழைய தாளைக் கொண்டுபோய்க் குடுத்திருக்காங்களே" என்றார். அடுத்து, கேள்வி கேட்டவர் என் மகன் என்றேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலில் உளறுகிறேனோ என்று. உன் பட்டமளிப்பு விழாப் படத்தைப் போனில் காட்டினேன். பிறகு அவர் சொன்னதைக் கவனமாகப் படி. "இத நான் சொல்ல முடியாதும்மா. இது உங்க சொந்த விஷயம். என் வாயில இருந்து வரக் கூடாது."

"நீங்க சொல்ல வேணாம். பெரியவர் ரூமை மட்டும் காட்டுங்க" என்றேன். அவர் அறை வாசல்வரை வந்து நின்றுவிட்டார். உள்ளே போனது நான். சொன்னது நான். தேர்வுக்குத் தலைமை வகித்த அந்தப் பெரியவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேர்வாளர் தன் தாயையே நோயாளியாக வைத்துக் கேள்வி கேட்டு, தாயென்று சொல்லாமல் மறைத்தால் என்ன செய்வது என்று அதில் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு அப்படியொன்று தோன்றியிருக்காது. புத்தகத்தை மூடிவிட்டு, என்னைப் படுக்கச் சொல்லித் தன் கையால் பார்த்தார். "மூணு விரல்" என்றார். உன்னை எழுந்திருக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண்ணுக்கு வேறு நோயாளி, வேறு கேள்வி என்று தீர்மானமாயிற்று. நான் அதற்குள் பஸ் ஏறிவிட்டேன். என் பெயர் உன் காதுக்கு வரவில்லை. உனக்குத் தோன்றவும் இல்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடியவர்களை நீ எண்ணிப் பார்த்தபோது நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதை நினைத்தால், பெற்றவளுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் பாஸ் செய்துவிட்டாள், நீதி வென்றது என்று முடித்தால் சபை இதழுக்கு வசதியாக இருக்கும். அவள் பாஸ் செய்யவில்லை. புது நோயாளிக்கு இதயத்தில் ஏதோ ஒரு கூடுதல் ஓசை. அது அவள் காதில் படவில்லை. முந்தின நாள் நீ அவளை அடித்துப் போட்டதில் காது அடைத்திருந்ததோ என்னவோ, அதற்கு நான் சாட்சி இல்லை. தோற்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதப்போகிறாள். நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது, ஒரு வித்தியாசம். இந்தத் தோல்வி அவளுடைய தோல்வி. உன்னுடையதை அவள் சுமக்கவில்லை.

நேற்று மாத்திரை வாங்கப் போனபோது அவள்தான் என்னைப் படுக்கவைத்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். ஒருக்களிக்கச் சொன்னாள். நிறைய நேரம் தேடினாள். "தட்டுப்படலம்மா. ஒண்ணுமே தட்டுப்படல" என்று சிரித்தாள். "இனிமே நீங்க பரீட்சைக்கு ஆக மாட்டீங்க." டாக்டரம்மா வந்து அவர் கையாலும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். அவர் மேல் ஒரு புகார் தயாராக இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மண்ணீரல் தன் இடத்துக்குப் போய்விட்டது. நீ கைவைத்துப் பார்த்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது தம்பி. இனி உனக்குக் கூச்சமும் வேண்டாம், வாசலைப் பார்க்கவும் வேண்டாம்.

நாளைக்கு உன் மகன் ஸ்டெதாஸ்கோப்போடு வீட்டுக்கு வந்தால் நீயும் உன் மனைவியும் வரிசையில் நின்று முழு உடம்பையும் காட்டுங்கள். அவன் வெட்கப்பட்டால் பெருமைப்படாதீர்கள். நான் சொல்லக்கூடிய புத்தி அவ்வளவுதான்.

புகாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நீ அதை அனுப்பத்தான் வேண்டும் என்றால் அனுப்பு, தடுக்கமாட்டேன். ஆனால் டாக்டரம்மாவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுது. முகவரி உனக்குத் தெரியும். வெளியே சொன்னவள் யார், அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு நீ ஒரு சொல் எழுதினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. அந்த ஒரு சொல்லை நான்கு பேர் பார்க்கிற தாளில் எழுத உனக்குக் கை வந்தால், தாராளமாக எழுதிக் கையெழுத்துப் போடு. எந்தத் தண்டனை வந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா